கேளுங்க, சொல்றேன்: பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி மெயிலை கட்டுங்க

லீவு சீசன் வந்தாச்சு. வெளியூர், வெளிநாடு போகும்போது மெயில்ல வீட்டோட எப்படி தொடர்புல இருக்கறது, கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பெரும்பாலும் ஒரே புலம்பல்தான், "அங்க போனதும் ஜிமெயில் உள்ளயே விட மாட்டேங்குது". அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, எல்லாருக்கும் ஏரியா பேர் மட்டும் போட்டிருக்கேன்.

நானும் வீட்டுக்காரரும் டல்லாஸ்ல இருக்கற பையன் வீட்டுக்கு அஞ்சு மாசம் போறோம், ரெண்டு பேருமே ரிட்டயர்ட். எதிர் ஃப்ளாட்காரங்க போன வருஷம் போனப்ப நம்ம ஊர் சிம்மை கழட்டிட்டு அந்த ஊர் சிம்மை போட்டாங்களாம், மெயில் ஓப்பன் பண்ணா கோட் கேக்குதாம், அந்த கோட் கழட்டி வெச்ச நம்பருக்கு போகுதாம். பேங்க் மெயில் எதையுமே திரும்பி வர்ற வரைக்கும் பாக்க முடியலையாம். எங்களுக்கும் அப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?
– வாசகி, மடிப்பாக்கம்

அம்மா, இது தினமும் யாருக்காவது நடக்கறதுதான். மடிப்பாக்கத்துல அதே போன், அதே வைஃபைன்னு மெயில் பாத்துட்டு இருக்கற வரைக்கும் கூகுள் ஒண்ணும் கேக்காது. திடீர்னு அமெரிக்காவுல இருந்து பையனோட லேப்டாப்ல உங்க பாஸ்வேர்டை போட்டா, இது யாரோ திருட்டு ஆசாமியோன்னு சந்தேகப்பட்டு கோட் அனுப்பும், அந்த கோட் வர வேண்டிய சிம் ஹேண்ட்பேக்ல டிஷ்யூ பேப்பர் சுத்தி தூங்கிட்டு இருக்கும். கூகுளையும் குறை சொல்ல முடியாது, நிஜமாவே திருடன் வந்தா இப்படித்தானே தடுக்கணும்.

அதனால இந்திய சிம்மை கழட்டவே கழட்டாதீங்க. இப்ப வர்ற போன்ல பெரும்பாலும் ரெண்டு சிம் போடலாம், அங்க வாங்கற நம்பரை இன்னொரு ஸ்லாட்லயோ இ-சிம்மாவோ போட்டுக்கலாம். இங்க இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணிடுங்க, ஆனா அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணி வைங்க, இல்லன்னா பில்லை பாத்து பையனுக்கு மயக்கம் வந்துடும். ரோமிங்ல எஸ்எம்எஸ் வர்றதுக்கு பொதுவா காசு பிடிக்க மாட்டாங்க, கால் எடுத்தா தான் பிடிப்பாங்க, இருந்தாலும் உங்க கம்பெனிக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க. ப்ரீபெய்டுன்னா ரீசார்ஜ் வேலிடிட்டி நீங்க திரும்பி வர்ற தேதி வரைக்கும் இருக்கணும். நம்பர் ரத்தாச்சுன்னா கொஞ்ச நாள் கழிச்சு அதை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க, அப்புறம் உங்க ஓடிபி எல்லாம் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் போன்ல போய் விழும்.

அடுத்தது, நான் பாத்தவரைக்கும் யாருமே பண்ணாதது, பேக்கப் கோட்ஸ். கூகுள் அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை (பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஒரு கோடும் கேக்கறது) ஆன் பண்ணுங்க, அதுக்குள்ளயே பேக்கப் கோட்ஸ்னு இருக்கும். தட்டினா 10 கோட் குடுக்கும், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒரு கோடை ஒரு தடவைதான் யூஸ் பண்ண முடியும். சிம்மும் வேணாம், சிக்னலும் வேணாம். அதை பிரிண்ட் எடுத்து ஒரு காப்பியை பாஸ்போர்ட் பவுச்ல வைங்க, இன்னொண்ணை இங்க தங்கச்சி வீட்லயோ பொண்ணு வீட்லயோ குடுத்துட்டு போங்க. அதே பேப்பர்ல பாஸ்வேர்டையும் எழுதி வைக்காதீங்க, புண்ணியமா போகும். சில பேர் அந்த கோடை போட்டோ எடுத்து அதே மெயில்ல தனக்குத்தானே அனுப்பி வெச்சுக்கறாங்க, பீரோ சாவியை பீரோவுக்குள்ளயே வெச்சு பூட்டின கதைதான் அது.

ஆதென்டிகேட்டர் ஆப்னு ஒண்ணு இருக்கு, 30 செகண்டுக்கு ஒரு தடவை புது கோட் காட்டும், நெட் இல்லாமலே வேலை செய்யும். ஆபீஸ் போறவங்களுக்கு அது நல்லது. உங்களுக்கு பேப்பரே போதும்னு நினைக்கறேன், போன் தொலைஞ்சாலும் பேப்பர் இருக்கும்ல.

இன்னொண்ணு. அங்க போன முதல் வாரமே பையன் ஆசையா புது போன் வாங்கி குடுத்து "அந்த பழசை தூக்கி போடும்மா"ன்னு சொல்வார். போடாதீங்க. புதுசுல மெயில், பேங்க் ஆப், வாட்ஸ்அப் எல்லாம் ஓப்பன் ஆகி ஒரு வாரம் ஒழுங்கா ஓடற வரைக்கும் பழசு சார்ஜோட அலமாரியில இருக்கட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல மெயில் ஐடி ரெஜிஸ்டர் ஆகியிருக்கான்னும் பாத்துடுங்க, சில பேங்க் ஓடிபியை மெயிலுக்கும் சேர்த்தே அனுப்பறாங்க, அங்க உக்காந்திருக்கும்போது அது ரொம்ப உதவும்.

"வெளியூர்ல இருக்கேன்"னு ஆட்டோ ரிப்ளை போட்டுட்டு போலாமா?
– வாசகர், கே.கே.நகர்

போடலாம், ஆனா வர்ற எல்லாருக்கும் போற மாதிரி போடாதீங்க. மெயில் அனுப்பற லோன் ஏஜென்ட்ல இருந்து ஸ்பேம்காரன் வரைக்கும் "வீட்ல மாசம் பூரா ஆள் இல்ல"ன்னு நாமளே தண்டோரா போடறதுக்கு சமம் அது. ஜிமெயில்ல வெக்கேஷன் ரெஸ்பாண்டர்ல காண்டாக்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும்னு ஒரு டிக் இருக்கு, அதை போடுங்க. ஊர் பேர், திரும்பற தேதி எதுவும் வேணாம், "பதில் போட லேட் ஆகும்"னு மட்டும் இருந்தா போதும். அதே ஆள் திரும்ப திரும்ப அனுப்பினா 4 நாளைக்கு ஒரு தடவைதான் ரிப்ளை போகும், அதனால யாரையும் தொல்லை பண்றோமோன்னு கவலைப்பட வேணாம்.

ஃப்ளைட் டிக்கெட் மெயில் வரவே இல்ல. டிராவல்ஸ்காரர் அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றார். ஸ்பேம்லயும் தேடிட்டேன்.
– வாசகர், அண்ணா நகர்

சார், ஜிமெயிலுக்குள்ள கீழ எங்கயாவது ஸ்டோரேஜ் ஃபுல்னு எழுதியிருக்கா பாருங்க. கூகுள் சும்மா குடுக்கற இடம் 15 ஜிபி, அது மெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து. 2024ல இருந்து ஆண்ட்ராய்டு போன் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த கணக்குல தான் ஏறுது. ஃபேமிலி குரூப்ல வர்ற குட் மார்னிங் வீடியோ, பிள்ளையார் வீடியோ, "இதை 10 பேருக்கு அனுப்பவும்" வீடியோ எல்லாம் அங்கதான் போய் குடும்பம் நடத்துது. நிரம்பிடுச்சுன்னா புது மெயில் உள்ள வராது, அனுப்பினவருக்கே திரும்பி போயிடும். வாட்ஸ்அப் பேக்கப்ல வீடியோவை எடுத்துடுங்க, மெயில்ல ஒவ்வொண்ணா தேடிட்டு இருக்க வேணாம், கூகுள் ஒன்ங்கற ஸ்டோரேஜ் பக்கத்துல பெரிய ஃபைல் எல்லாத்தையும் அதுவே காட்டும், அங்கயே அழிச்சுட்டு டிராவல்ஸ்காரரை திரும்ப ஒரு தடவை அனுப்ப சொல்லுங்க. பாவம், அவர் மேல தப்பு இருக்காது.

பாரிஸ் கார்னர்ல கடை வெச்சிருக்கேன், சைனாவுல குவாங்சோவுல நடக்கற கேன்டன் ஃபேர்ங்கற வர்த்தகக் கண்காட்சிக்கு முதல் தடவை போறேன். அங்க ஜிமெயில் வராதுன்னு சொல்றாங்க, வாட்ஸ்அப்லயே பாத்துக்கலாமா?
– வாசகர், சவுகார்பேட்டை

வாட்ஸ்அப்பும் வராது சார். சைனாவுல கூகுள் சம்பந்தப்பட்டது எல்லாமே ப்ளாக், வாட்ஸ்அப்பும் ப்ளாக். ஹோட்டல் வைஃபை சூப்பரா இருக்கும், ஃபுல் சிக்னல் காட்டும், ஜிமெயில் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். இந்திய சிம்லயே ரோமிங் டேட்டா பேக் போட்டுட்டு போனா பொதுவா ரெண்டுமே வேலை செய்யும், ஏன்னா அந்த டேட்டா நம்ம ஊர் கம்பெனி வழியா சுத்தி வருது. கடைக்குன்னு சொந்த டொமைன்ல மெயில் வெச்சிருக்கீங்கன்னா அது யார் சர்வர்ல ஓடுதுன்னு உங்க பையனையோ வெப்சைட் போட்டு குடுத்தவரையோ கேளுங்க, வெளிய பேர் உங்க கடை பேரா இருக்கும், உள்ள ஓடறது கூகுளா இருக்கும், அப்ப அதுவும் படுத்துடும். அப்படின்னா இங்க இருந்தே கூகுள் இல்லாத வேற ஒரு ஐடிக்கு ஃபார்வர்டிங் போட்டுட்டு போங்க. ஃபார்வர்டிங் போடும்போது அந்த இன்னொரு ஐடிக்கு ஒரு கன்ஃபர்மேஷன் போகும், அதை ஓகே பண்ணாதான் ஆன் ஆகும், இதை ஏர்போர்ட்ல போய் உக்காந்துட்டு ஆரம்பிக்காதீங்க. ப்ளாக்கை சுத்தி போக உதவற விபிஎன் ஆப் பத்தி கேட்டிருந்தீங்க, அங்க அதுக்கு சட்ட சிக்கல் இருக்கு, வியாபாரத்துக்கு போற இடத்துல எதுக்கு வம்பு.

துபாய் வழியா திரும்பறேன்னு எழுதியிருக்கீங்க. அங்க வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் வராது. வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க, கால் பண்ணி எடுக்கலன்னு பயந்துடுவாங்க.

பாஸ்போர்ட், விசா காப்பி எல்லாம் ஜெராக்ஸ் கடையில மெயில்ல அனுப்பி தான் பிரிண்ட் எடுக்கறோம், அது சேஃபா?
– வாசகி, தி.நகர்

நல்ல கேள்விம்மா. ரங்கநாதன் தெரு பக்கம் எந்த ஜெராக்ஸ் கடைக்கு போனாலும் கவுன்டர் கண்ணாடியில ஒரு ஜிமெயில் ஐடியை பெரிய எழுத்துல ஒட்டி வெச்சிருப்பாங்க, "இதுக்கு அனுப்புங்க". கூட்டத்துல அந்த பையன் ஸ்க்ரோல் பண்ணும்போது எட்டி பாருங்க, வரிசையா ஆதார், பாஸ்போர்ட், சேலரி ஸ்லிப், யாரோ ஒருத்தரோட வீட்டு பத்திரம். எல்லாமே அந்த இன்பாக்ஸ்ல தான் கிடக்கு, யாரும் அழிக்கறது இல்ல. கடைக்காரர் நல்லவரா இருக்கலாம், அந்த கம்ப்யூட்டர்ல எத்தனை கை படுதுன்னு யாருக்கு தெரியும். பென் டிரைவ்ல அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்டு எடுத்துட்டு போங்க. மெயில்தான் வழின்னா, பிரிண்ட் வந்ததும் "தம்பி என் மெயிலை டெலீட் பண்ணுப்பா, டிராஷ்லயும்"னு நின்னு பண்ண வைங்க, கூச்சப்படாதீங்க. அந்த கம்ப்யூட்டர்ல உங்க ஜிமெயிலை மட்டும் ஓப்பன் பண்ணவே கூடாது. ஏற்கனவே பண்ணியிருந்தா கூகுள் அக்கவுன்ட்ல யுவர் டிவைசஸ்னு ஒரு பக்கம் இருக்கு, தெரியாத கம்ப்யூட்டர் அதுல இருந்தா அங்க இருந்தே சைன் அவுட் பண்ணிடலாம்.

காஷ்மீர் டூர் போறோம், கூட அப்பா அம்மா வர்றாங்க. அங்க நம்ம சிம் எடுக்காதுங்கறது நிஜமா? ஆபீஸ் மெயில் பாத்தே ஆகணும்.
– வாசகர், தாம்பரம்

ப்ரீபெய்டு எடுக்காது. ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வெளி மாநில ப்ரீபெய்டு சிம்முக்கு அனுமதி கிடையாது, பாதுகாப்பு காரணம், போஸ்ட்பெய்டு எடுக்கும். வீட்ல யாராவது ஒருத்தர் நம்பரையாவது கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போஸ்ட்பெய்டா மாத்திடுங்க, ஹாட்ஸ்பாட்ல மத்தவங்க ஓட்டிக்கலாம். ஆனா ஓடிபி ஹாட்ஸ்பாட்ல வராது, அதனால எந்த நம்பர்ல பேங்க் இருக்கோ அதை மாத்தறது தான் புத்திசாலித்தனம்.

மலைப்பாதையில சிக்னல் வரும் போகும். ஜிமெயில் ஆப்ல நெட் இல்லாமலே மெயில் எழுதி சென்ட் தட்டலாம், அவுட்பாக்ஸ்ல நிக்கும், சிக்னல் வந்ததும் தானா போயிடும். ஹோட்டல் புக்கிங், டிக்கெட் எல்லாத்தையும் பிடிஎஃப்பா போன்லயே டவுன்லோட் பண்ணிடுங்க, மெயில்ல இருக்கேன்னு விட்டுட்டு ஸ்ரீநகர் ஏர்போர்ட் வாசல்ல நின்னு தேடாதீங்க. ஆபீஸ் மெயிலை பத்தி நான் என்ன சொல்றது, தால் ஏரியில போட்ல உக்காந்து எக்செல் ஷீட் பாக்கறது உங்க இஷ்டம்.

சென்னை துறைமுகத்துல இருந்து கப்பல்ல அந்தமான் போறேன். நடுக்கடல்ல மெயில் அனுப்ப முடியுமா?
– வாசகர், ராயபுரம்

முடியாதுன்னே வெச்சுக்குங்க. கரை கண்ணுக்கு மறைஞ்ச கொஞ்ச நேரத்துல சிக்னல் போயிடும், அப்புறம் சுமார் 3 நாள் கடல்தான். பயணிகளுக்கு வைஃபை இருக்கும்னு நம்பி ஏறாதீங்க. "வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருந்து ஒண்ணும் வராது"ன்னு வீட்ல சொல்லிட்டு ஏறுங்க, கப்பல் லேட் ஆறதும் உண்டு, அதனால கூட ஒரு நாள் சேர்த்தே சொல்லுங்க.

ஆனா போய் இறங்கினதும் போர்ட் பிளேர்ல, இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, நெட் நல்லாவே கிடைக்கும். முன்னாடி அப்படி இல்ல. அந்தமானுக்கு மொத்த நெட்டும் சேட்டிலைட் வழியா தான் போச்சு, ஒரு போட்டோ அட்டாச் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் பாதிதான் போயிருக்கும்னு அங்க வேலை பாத்தவங்க சொல்வாங்க. 2020 ஆகஸ்ட் 10ல தான் சென்னை–அந்தமான் கடலடி கேபிளை தொடங்கி வெச்சாங்க, கிட்டத்தட்ட 2,300 கிலோமீட்டர், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகுது. இதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சென்னையில இருந்து சிங்கப்பூருக்கு 2002லயே கேபிள் போட்டாச்சு, வங்காள விரிகுடா வழியா தான் போச்சு, நடுவுல இருக்கற நம்ம தீவுக்காரங்களுக்கு வந்து சேர இன்னும் 18 வருஷம் ஆச்சு. நீங்க டெக்ல நின்னு பாக்கற தண்ணிக்கு அடியில எங்கயோ தான் அது கிடக்கு.

இ-மெயிலை கண்டுபிடிச்சது தமிழர் தானே சார்?
– வாசகர், பெரம்பூர்

மாசத்துக்கு ஒருத்தராவது இதை கேக்கறீங்க. சிவா அய்யாதுரை, மும்பையில பிறந்து சின்ன வயசுலயே அமெரிக்கா போன தமிழ் குடும்பத்து பையன், நியூஜெர்சியில ஸ்கூல் படிக்கும்போது 1978ல ஒரு மருத்துவ கல்லூரிக்காக ஆபீஸ் கடிதப் போக்குவரத்துக்கு ஒரு புரோகிராம் எழுதினார், அதுக்கு ஈமெயில்னு பேர் வெச்சார், 1982ல காப்பிரைட்டும் வாங்கினார். அந்த வயசுல அது பெரிய விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா 1971லயே அமெரிக்க இன்ஜினியர் ரே டாம்லின்சன், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு மெயில் அனுப்பிட்டார், நடுவுல @ போட்டதும் அவர்தான். வரலாறு எழுதறவங்க பெரும்பாலும் அவர் பக்கம்தான்.

நம்மள மாதிரி ஊர் சுத்தறவங்க கும்பிட வேண்டியது வேற ஆளை. 1996ல சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை ஆரம்பிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் தான் எந்த ஊர் பிரவுசிங் சென்டர்ல உக்காந்தாலும் நம்ம மெயிலை நாம பாக்கலாம்னு சாதாரண ஜனங்களுக்கு ஆச்சு.

பொண்ணு தனியா ஐரோப்பா சுத்திட்டு இருக்கா. நான் ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதறேன், அவ "நல்லா இருக்கேன் மா, அப்புறம் எழுதறேன்"னு ஒரே வரி. மனசு கேக்க மாட்டேங்குது.
– வாசகி, வேளச்சேரி

நீங்க அனுப்பின மெயிலோட காப்பியையும் வெச்சிருந்தீங்க, படிச்சேன். கோவிச்சுக்காதீங்க, அதுல மொத்தம் கேள்விதான். சாப்டியா, என்ன சாப்ட, ஸ்வெட்டர் போட்டியா, ரூம்ல கூட யார், காசு இருக்கா, ஏன் இளைச்சிருக்க. ராத்திரி பஸ் ஏறப் போற பொண்ணு இதை பாத்தா எல்லாத்துக்கும் சேர்த்து "நல்லா இருக்கேன்"னு தான் போடுவா, நானும் அதைத்தான் போடுவேன்.

ஒரு மெயிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஒரு வார்த்தையில தப்பிக்க முடியாத கேள்வியா. "இன்னைக்கு பக்கத்து சீட்ல யார் உக்காந்தா?"ன்னு கேட்டு பாருங்க. மீதிக்கு வீட்டு கதையை எழுதுங்க, மெட்ரோ வாட்டர் லாரி ரெண்டு நாளா வரல, மாடி வீட்டு மாமி மாவடு போட்டு குடுத்தாங்க, அப்பா வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு போண்டா சாப்ட்டுட்டு வந்தார். தூரத்துல இருக்கறவங்களுக்கு அதுதான் ருசிக்கும். நாள் தவறாம எழுதுன்னு கேக்காதீங்க, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பெரிய மெயில், ஊர் மாறும்போது எல்லாம் தங்கற இடத்து அட்ரஸோட ஒரு வரி, இவ்வளவு மட்டும் பேசி வெச்சுக்குங்க. அந்த அட்ரஸ் வரியில மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

நேரத்தையும் பாத்துக்குங்க. பாரிஸ், பெர்லின் பக்கம் எல்லாம் குளிர்காலத்துல நம்மள விட நாலரை மணி நேரம் பின்னாடி, மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை. நீங்க காலையில காபியோட அனுப்பற மெயில் அவ தூக்கத்துல போய் விழுது, எழுந்ததும் அதுக்கு மேல இன்னும் நாலு வந்திருக்கும்.

ஃப்ரெண்ட்ஸோட ட்ரெக்கிங் போறோம், 3 நாள் சிக்னல் இருக்காது. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு "சேஃபா இருக்கோம்"னு ஒரு மெயில் போற மாதிரி ஷெட்யூல் பண்ணிட்டு போலாம்னு பாக்கறேன். போன் ஆஃப்ல இருந்தாலும் போகுமா?
– வாசகர், போரூர்

போகும் தம்பி, ஷெட்யூல் பண்ணின மெயில் கூகுள் சர்வர்ல இருந்து போகுது, உங்க போன் ஆஃப்ல இருந்தாலும், பள்ளத்துல விழுந்து உடைஞ்சு கிடந்தாலும் டைமுக்கு கரெக்டா போகும். அதனால தான் வேணாம்னு சொல்றேன். முதல் நாள் மத்தியானமே ஒருத்தருக்கு கால் முறிஞ்சு நகர முடியாம உக்காந்திருக்கீங்கன்னு வைங்க, சாயங்காலம் 6 மணிக்கு அம்மாவுக்கு "சேஃபா இருக்கோம், சூப்பர் வியூ"ன்னு மெயில் வருது, அடுத்த நாளும் வருது. யார் தேடுவாங்க? மெயிலே வரலன்னா கூட பயந்து போய் யாரையாவது கேப்பாங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மாட்டினதுல நம்ம சென்னையில இருந்து போனவங்களும் இருந்தாங்க, மறந்திருக்க மாட்டீங்க. வனத்துறை அனுமதி வாங்காம போறதா இருந்தா மெயிலை பத்தி பேசவே வேணாம், போகவே வேணாம்.

அனுமதியோட போறீங்கன்னா கிளம்பற அன்னைக்கு காலையில அப்பாவுக்கு ஒரே ஒரு மெயில், நீங்களே தட்டி. எந்த பாதை, கூட யார் யார், அவங்க வீட்டு நம்பர், கைடு நம்பர், அந்த ரேஞ்ச் வனத்துறை ஆபீஸ் நம்பர், எந்த தேதி எத்தனை மணிக்கு கீழ இறங்கறீங்க. கடைசி வரியில, "மறுநாள் காலையில 10 மணி வரைக்கும் என் போன் வரலன்னா யோசிக்காம இந்த நம்பருக்கு கூப்பிடுங்க". இறங்கினதும் முதல் சிக்னல்ல டீக்கடைக்கு முன்னாடி அப்பாவுக்கு போன். இன்ஸ்டா எல்லாம் அப்புறம்.